மலையைத் தாண்டிய டி.சி.

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. கடலூரில் கேப்பர் மலை என்று ஒன்று இருக்கிறது. பேருந்து ஓட்டுநர் கியர் மாற்றும் சத்தத்தை வைத்துத்தான் அது மலை என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதை விட்டால் நெய்வேலியில் சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண்மேடு. சிதம்பரத்தில் என் கடை மொட்டை மாடியில் ஏறி நின்றால் நாலு கோபுரமும் தெரியும், அதற்கு மேல் வானம்தான். ஐம்பத்திரண்டு வயது வரை இந்தத் தட்டையான பூமியில் வசதியாக நடமாடிக்கொண்டிருந்தவனை, ஒரு ஜூன் மாதம் என் மகள் மலை தாண்டிக் கொல்லத்துக்கு வரச் சொன்னாள்.

என்னை வரச் சொன்னாள் என்பது நானாகச் சேர்த்துக்கொண்ட மரியாதை. பேப்பரைத்தான் வரச் சொன்னாள். பேப்பர் தனியாக ரயில் ஏறாது என்பதால் நான் போக வேண்டியிருந்தது.

கடல் உயிரினங்களைப் பற்றி எம்.எஸ்ஸி. படித்தவள் அவள். கொல்லத்தில் மீன்களை ஆராய்ச்சி செய்யும் ஓர் இடத்தில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சேர வேண்டும். ஹாஸ்டல் பார்த்துக்கொள்ள வெள்ளிக்கிழமையே போய்விட்டாள். போகும்போது எல்லாச் சான்றிதழ்களுக்கும் மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டு, மேலே பிளாஸ்டிக் அட்டையும் வைத்துக் கொடுத்தேன். ஒரிஜினல்களை என் மனைவி பீரோவை விட்டு வெளியே விடவில்லை. "ரயில்ல தூங்கும்போது எவனாவது பையத் தூக்கினு போயிட்டா என்னா பண்றது? அவுங்க கேட்டா அப்பறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

அவுங்க சனிக்கிழமை காலையே கேட்டார்கள். மகள் போன் செய்தாள்.

"அப்பா, திங்கக்கெழம பத்து மணிக்கு ஒரிஜினல் எல்லாம் டேபிள்ல இருக்கணுமாம். ஒண்ணு இல்லன்னாலும் சேர்க்க மாட்டாங்களாம். வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்த ஆளக் கூப்புட்டுருவாங்களாம்."

"மூணு செட் ஜெராக்ஸ் குடுத்தேனே."

"ஜெராக்ஸ் வேணாமாம்பா."

இருபத்தேழு வருடமாகக் கல்லூரிக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் வேண்டாம் என்று ஒரு அலுவலகம் சொன்னால், பெண் பார்க்க வந்துவிட்டுப் பஜ்ஜி வேண்டாம் என்று சொன்ன மாதிரி எனக்கு இருக்கும். ஆனாலும் ரோஷம் பார்க்கிற நேரமில்லை. தட்கலில் அடித்துப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை இரவு விருத்தாசலத்தில் ஏறிக் காலையில் கொல்லத்தில் இறங்குகிற ரயிலில் இரண்டு படுக்கை வாங்கினேன்.

எதற்கு இரண்டு என்றால், இரண்டாவது என் மனைவியின் ஏற்பாடு. "நீங்க தனியா போனா பேப்பர் போய்ச் சேரும், நீங்க போய்ச் சேர மாட்டீங்க. தம்பியக் கூட்டிக்கினு போங்க" என்றாள். அவள் தம்பி, அதாவது என் மச்சான், அண்ணாகிராமத்தில் முந்திரி வியாபாரம் செய்பவன். நாற்பத்தைந்து வயது. எதற்கும் பயப்படாதவன், எங்கேயும் தூங்குகிறவன். நான் எதற்கும் பயப்படுகிறவன், என் வீட்டுக் கட்டிலில்கூட இரண்டு தடவை எழுந்து கதவைச் சரிபார்க்கிறவன். வெளியூர்ப் பயணம் என்றால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஓர் ஆளாக எண்ணித்தான் அனுப்புவாள்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி பீரோவிலிருந்து பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு என் கையில் கொடுத்தாள். ஏழு பேப்பர். மதியம் மூன்று மணிக்கே கிளம்பினேன். ரயில் எட்டு மணிக்கு. சேத்தியாத்தோப்பு வழியாக ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். மீதி நேரத்தை விருத்தாசலம் பிளாட்பாரத்தில் ஃபைலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் செலவழித்தேன். ஏழே முக்காலுக்கு மச்சான் வந்தான். ஒரு தோளில் பை. இன்னொரு தோளில் சாக்கில் கட்டிய என்னவோ ஒன்று.

"என்னா மச்சான் அது?"

"பலாப்பழம் மாமா. பாப்பாவுக்கு."

"கேரளாவுக்குப் பலாப்பழம் தூக்கினு போற ஒரே ஆளு நீதான்டா."

"அது அவுங்க ஊர் பழம். இது நம்ம ஊர் பழம்."

"ராத்திரி வாசம் அடிச்சா பெட்டியே எழுந்து ஒக்காந்துரும்."

"இன்னும் செங்காய்தான் மாமா. நாளைக்குப் பழுக்கிற மாதிரி பாத்து வெட்டியாந்தேன்."

அரியலூர் தாண்டும்போதே பழுத்துவிட்டது. அதைப் பற்றி அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அப்போது எனக்கு வேறு கவலை வந்திருந்தது.

ஏறி உட்கார்ந்ததும் மனைவி கட்டிக் கொடுத்த எலுமிச்சம் சாதத்தைச் சாப்பிட்டோம். கை துடைத்ததும் மச்சான், "அந்த ஃபைல குடுங்க மாமா, பாப்பா மார்க்கப் பாத்துக்கறேன். வந்ததுலேருந்து இடுப்புக் கொழந்த மாதிரி வச்சினு இருக்கீங்க" என்றான். கொடுத்தேன். மார்க் ஷீட்டுகளைப் பெருமையாகப் பார்த்தான். கல்லூரி டி.சி. வந்ததும் அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துச் சிரித்தான்.

"இது ஒரிஜினலா, இல்ல கடையில டீக்குப் பந்தயம் கட்டுவீங்களே அதுவா?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவன் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தேன், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் கடைக்குப் புதிதாக ஒரு கலர் மெஷின் வாங்கினேன். அதன் கைவரிசையைக் காட்ட ஒரு நல்ல பேப்பர் தேவைப்பட்டது. மகளின் டி.சி.யை எடுத்துப் போய், அதே கனத்தில் அதே பழுப்பில் தாள் தேடி, ஒரு நகல் எடுத்தேன். முதல்வர் பச்சை மையில் போட்ட கையெழுத்து, ஊதா முத்திரை, டி.சி. வந்த அன்றைக்கு என் மனைவி நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் எல்லாம் அப்படியே விழுந்தது. மஞ்சள்கூட விழுந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் முன்னால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது ஒரிஜினல் என்று கேட்பேன். தப்பாகச் சொன்னால் டீ அவர்கள் செலவு. ஒரு வக்கீல், இரண்டு பேராசிரியர்கள், பத்திரம் எழுதுகிற ஒருவர் எல்லோரும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். எனக்கும் தெரியாது. ஒரிஜினலை இடது பக்கம் வைப்பேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் மகள் கடைக்கு வந்து இந்த வித்தையைப் பார்த்துவிட்டாள். "என் டி.சி.ய வச்சி டீ குடிக்கிறியா? மொதல்ல எடுத்துனு போய் பீரோல வை" என்றாள். எடுத்துப் போய் வைத்தேன். ஒன்றை வைத்தேன். இன்னொன்று கடை மேஜைக்குள், வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருக்கும் மாதிரி ஃபைலில் இருக்கிறது. அன்றைக்குக் கடைசியாகப் பந்தயம் கட்டியவர் இரண்டையும் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தார். எதை எந்தப் பக்கம் வைத்தார் என்று இப்போது அரியலூரில் யோசித்துப் பார்க்கிறேன்.

"மச்சான், அத இப்படிக் குடு."

"என்னா மாமா, மூஞ்சி இப்பிடிப் போவுது?"

"நீ கேட்டது கரெக்டுதான்டா. எதுன்னு எனக்கே தெரியல."

அவன் பேப்பரை என்னிடம் நீட்டினான். பிறகு, "வெளையாடாதீங்க மாமா" என்றான். நான் விளையாடவில்லை என்று அவனை நம்பவைக்கத் திருச்சி வரை ஆயிற்று. எப்போதும் கோமாளித்தனம் செய்கிறவனுக்கு இது ஒரு கஷ்டம். நெஞ்சு வலித்தால்கூட இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும்.

முதலில் முகர்ந்து பார்த்தேன். உண்மையான மஞ்சள் என்றால் லேசாக வாசம் இருக்க வேண்டும். மஞ்சள் வாசம் அருமையாக அடித்தது. அது என் விரலிலிருந்து வந்த எலுமிச்சம் சாதத்தின் வாசம். மச்சானை முகரச் சொன்னேன். அவனும் அதே சாதத்தைத்தான் சாப்பிட்டிருந்தான். போதாததற்குச் சீட்டுக்கு அடியில் பலாப்பழம் வேறு தன் வேலையை ஆரம்பித்திருந்தது.

அடுத்ததாகப் பச்சைக் கையெழுத்து. விரலை நாக்கில் தொட்டு அதன் மேல் வைத்தால் போதும். மை கலைந்தால் ஒரிஜினல், கலையாவிட்டால் என் கைவேலை. விரலை ஈரப்படுத்திப் பேப்பருக்கு அருகே கொண்டுபோன பிறகுதான் உறைத்தது. ஒரிஜினல் என்று நிரூபித்த அந்த நிமிஷமே ஒரிஜினலைக் கெடுத்திருப்பேன். முதல்வரின் கையெழுத்து கலைந்த டி.சி.யை வைத்துக்கொண்டு, கலைந்ததால்தான் இது உண்மை என்று கொல்லத்தில் யாரிடம் போய்ச் சொல்வது? ஈர விரலை அப்படியே சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போன் செய்து கேட்கலாம் என்றால், கடைச் சாவி என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவியால் கடைக்கு வெளியே நின்று ஷட்டரைத்தான் பார்க்க முடியும். அதோடு விஷயத்தைச் சொன்னால் அவள் என்னிடம் கேட்கப்போகிற கேள்விகளுக்கு அந்த ரயிலின் நீளம் போதாது.

திருச்சியில் வண்டி நின்றதும் நான் செருப்பைத் தேடினேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"நான் எறங்கிடறேன் மச்சான். பஸ் புடிச்சி சிதம்பரம் போயி, கடையத் தொறந்து, இன்னொண்ண எடுத்துனு கார் வச்சி…"

"எறங்கி?"

"கார் வச்சி வந்துடறேன்."

"இப்ப மணி பத்தரை. நீங்க சிதம்பரம் போய்ச் சேரவே ரெண்டரை ஆயிடும். அங்கேருந்து கொல்லத்துக்கு பத்து மணிக்குள்ள கார்ல வரணும்னா அந்தக் காருக்கு ரெக்க இருக்கணும்." அவன் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து உட்கார வைத்தான். "அதோட, கையில இருக்கிறது ஒரிஜினலா இருந்துட்டா? அப்ப நீங்க ஊருக்குப் போயி ஜெராக்ஸ எடுத்தாரப்போறீங்க."

அந்த மாதிரிக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. பயத்தில் மூளை வேகமாக ஓடும் என்பார்கள். எனக்கு ஓடத்தான் செய்கிறது, திசைதான் தெரிவதில்லை.

திண்டுக்கல், மதுரை எல்லாம் எப்போது வந்தன, போயின என்று எனக்குத் தெரியாது. மச்சான் நடுப் படுக்கையில் படுத்து இரண்டு நிமிடத்தில் குறட்டைக்குப் போய்விட்டான். நான் மேல் படுக்கையில் குப்புறப் படுத்து, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பேப்பரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவால் அழுத்திக் கையெழுத்துப் போட்டிருந்தால் பின்னால் லேசாகப் புடைத்திருக்கும். தைரியமாக மூச்சு விட்டுப் பார்த்தபோது புடைப்பு தெரிந்தது. அடுத்த ஸ்டேஷனில் பயம் திரும்பி வந்தபோது புடைப்பைக் காணோம். விரலால் தடவிப் பார்க்கலாம்தான். இருபத்தேழு வருடமாகத் தாள் எண்ணி எண்ணி என் விரல் நுனிகள் இரண்டாயிரம் ரூபாய் நோட்டு மாதிரி ஆகிவிட்டன, பார்க்க இருக்கும், வேலைக்கு ஆகாது. நடுவில் பி.பி. மாத்திரையை ஒரு தடவை போட்டுக்கொண்டேன். போட்டேனா என்று சந்தேகம் வந்து பட்டையை எடுத்துக் குழிகளை எண்ணினேன்.

கண்ணில் தெரிவது பெரிதாகட்டும் என்று, கீழே தொங்கிக்கொண்டிருந்த மச்சானின் சட்டைப் பையிலிருந்து அவன் மூக்குக் கண்ணாடியை எடுத்து என் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொண்டேன். அந்தக் கோலத்தில் டார்ச்சோடு குனிந்தபோது, கீழ்ப் படுக்கையில் இருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்து என்னை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன சார், கள்ளநோட்டா?"

"இல்லைங்க, டி.சி."

"யாருக்கு?"

"பொண்ணுக்கு."

"லைட்ட அணைச்சிட்டுப் படுங்க. காலையில பாஸாயிருவா."

அணைத்தேன். அவர் சொன்னதில் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது. தூக்கம்தான் வரவில்லை. அவளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் எல்லாப் பிள்ளைகளும் தண்ணீருக்குள் ஓடினால், இவள் வலையிலிருந்து உதறிப் போட்ட கழிவு மீன்களுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிடுவாள். எது என்ன மீன் என்று படகுக்காரர்களைக் கேட்டு நச்சரிப்பாள். அவர்களுக்கே பேர் தெரியாத மீன்களை நோட்டில் வரைந்து எடுத்து வருவாள். இந்த வேலைக்கு எழுதிய பரீட்சைக்காக எட்டு மாதம் ஒரு கல்யாணத்துக்கும் வரவில்லை. அந்த எட்டு மாதத்தை நான் ஒரு டீக்காக மாற்றி வைத்துவிட்டேனோ என்ற நினைப்புதான் ராஜபாளையம் வரைக்கும் என்னோடு படுத்திருந்தது.

செங்கோட்டையில் வண்டி நின்றபோது விடியத் தொடங்கியிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. மலையில் தள்ளுவதற்காகப் பின்னால் இன்னோர் எஞ்சினைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மச்சான் எழுந்து இரண்டு டீ வாங்கிவந்தான். டீ என்ற பொருளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"தூங்கவே இல்லியா மாமா? சரி, இப்ப வெளிச்சம் வந்துருச்சு. ஜன்னல் பக்கம் வந்து நல்லாப் பாருங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இரண்டு கண்ணாடி, ஒரு டி.சி. வண்டி மெதுவாக ஏற ஆரம்பித்தது. வானம் வெளுத்து, பேப்பரின் மூலையில் மஞ்சள் நன்றாகத் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் வந்தது. கண்ணுக்கு அருகே கொண்டுபோனேன். இருட்டாகிவிட்டது.

"குகை மாமா" என்றான் மச்சான் இருட்டுக்குள் இருந்து. "எவ்ளோ பெருசு பாருங்க."

இருட்டில் எதைப் பார்ப்பது. வெளிச்சம் வந்ததும் மறுபடி தூக்கினேன். கண் பழகி, மூலையைக் கண்டுபிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிவதற்குள் அடுத்த குகை. அந்த மலையைக் குடைந்தவர்கள் என்னை மனதில் வைத்தே குடைந்திருக்க வேண்டும். எத்தனை குகை என்று எண்ணவில்லை. ஒவ்வொன்றிலும் மச்சான் ஆச்சரியப்பட்டான், ஒவ்வொன்றிலும் நான் பேப்பரை மடியில் இறக்கினேன்.

"மாமா, அருவி. அருவி பாருங்க. அய்யோ, போச்சு."

"சும்மா இர்றா."

"பாலம் மாமா. கீழ ரோட்டுல லாரி போவுது, தீப்பெட்டி மாதிரி. ஒரு தடவ தலையத் தூக்கிப் பாருங்களேன்."

தலையைத் தூக்கவில்லை. ஒரு பாலத்துக்கும் ஒரு குகைக்கும் நடுவில் நீளமாக ஒரு வெளிச்சம் கிடைத்தது. இரண்டு கண்ணாடி வழியாகவும் மஞ்சள் மூலையைப் பார்த்தேன். மஞ்சள் என்றால் தடவின தடவலாக, ஓர் இடத்தில் கெட்டியாக, ஓர் இடத்தில் வெளிறி இருக்க வேண்டும். இது பொடிப் பொடியாகப் புள்ளி. வரிசை வரிசையாக, ஒழுங்காக, ஒரே அளவில் புள்ளி. என் மெஷின் போடும் புள்ளி. அதை எனக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மச்சான்."

"என்னா மாமா?"

"ஜெராக்ஸ்தான்."

மறுபடி ஒரு குகை வந்தது. வெளியே வந்ததும் என் கையிலிருந்து பேப்பரை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"ரெண்டு கண்ணாடி போட்டு, ராத்திரி பூரா முழிச்சி, நீங்களே இப்பதான் கண்டுபுடிச்சிருக்கீங்க. செஞ்சவரு நீங்க. அங்க ஒக்காந்திருக்கிறவுங்களுக்கு ஒரு கண்ணாடிதான இருக்கும்? பேசாம குடுத்துடலாம். அப்பறமா ஒரிஜினல எடுத்து பீரோல வச்சிக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

இரவு முழுக்க நான் கேட்க நினைத்த வார்த்தை அதுதான். அதை அவன் வாயால் கேட்டதும் நெஞ்சு லேசாகிவிட்டது. ஆமாம், யாருக்குத் தெரியும். வக்கீலுக்கே தெரியவில்லை. மகளிடமும் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசி முடித்தோம். அவள் மனதில் கள்ளம் இல்லாமல் கொடுப்பாள், அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். புனலூரில் நான் இட்லிகூடச் சாப்பிட்டேன்.

கொல்லம் ஸ்டேஷனில் அவள் எங்களுக்காக நின்றிருந்தாள். குளித்து, தலை சீவி, இஸ்திரி போட்ட சுடிதாரில், அடையாள அட்டை மாட்டுவதற்குக் கழுத்து தயாராக இருந்தது. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வியே, "என்னா ஆச்சுப்பா?"

"ஒண்ணும் இல்லியே."

"மாமா, என்னா ஆச்சு?"

என் மச்சான் குகையில் பயப்படாதவன், பாலத்தில் பயப்படாதவன். அக்கா மகள் முறைத்தால் பத்து நொடி தாங்க மாட்டான். பலாப்பழத்தை அவள் முன்னால் இறக்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பந்தயத்தில் ஜெயித்த டீக்களையும் சேர்த்துச் சொன்னான். அது தேவையில்லாதது.

அவள் டி.சி.யை வாங்கிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "மணி எட்டே முக்காலு. ஆட்டோ புடி" என்று மட்டும் சொன்னாள். ஆட்டோவில் ஏறினோம். அவள் மடியில் ஃபைல், மச்சான் மடியில் பலாப்பழம், நடுவில் நான். வழியெல்லாம் மழை. கடல் தெரிந்தது. எங்கள் கடல் கிழக்கே இருக்கும், இது மேற்கே இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

சான்றிதழ் பார்க்கும் அதிகாரி ஓர் அம்மா. பத்து வருடம் திருநெல்வேலியில் வேலை பார்த்தவராம், தமிழ் நன்றாகப் பேசினார். ஒவ்வொரு பேப்பராக எடுத்து, நகலோடு ஒத்துப்பார்த்து, பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தார். நான் மகளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். டி.சி. ஐந்தாவது. கையில் எடுத்தார். கையெழுத்தைப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். மறுபடி முன்பக்கம் வந்தார். டிக் போட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த டிக் விழுந்த கணத்தில் எனக்கு வந்தது நிம்மதி மட்டும் இல்லை, பெருமையும் கூட வந்தது. பாருங்கள், கேரளாவிலும் ஜெயித்துவிட்டேன் என்று உள்ளே ஒருவன் துள்ளினான். அவனை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதிகாரி ஆறாவது பேப்பரை எடுக்கும்போது மகள், "மேடம், ஒரு நிமிஷம்" என்றாள்.

மச்சான் என் முழங்கையைப் பிடித்தான்.

"அந்த டி.சி. கலர் காப்பி மேடம். ஒரிஜினல் சிதம்பரத்துல எங்க கடையில இருக்கு. அப்பா மாத்தி எடுத்துட்டு வந்துட்டாங்க. ரயில்ல வரும்போதுதான் அவங்களுக்கே தெரிஞ்சுது."

வீட்டில் வா, போ என்று பேசுகிறவள் அங்கே எனக்கு 'ங்க' போட்டாள். அதுவே என்னவோ செய்தது.

அந்த அம்மா டி.சி.யை ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனார். கதவு மூடியது. சுவரில் கடிகாரம் ஒன்பது ஐம்பது காட்டியது. வெளியே பெஞ்சில் இன்னொரு பெண் கையில் ஃபைலோடு அவளுடைய அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். வெயிட்டிங் லிஸ்டில் அடுத்த ஆள் அவள்தானோ என்று நினைத்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

"ஏம்மா சொன்ன?" என்றான் மச்சான் மெதுவாக. "டிக் போட்டுட்டாங்களே."

"மாமா, இங்க நான் என்னா வேலைக்கு வந்திருக்கேன் தெரியுமா? கடல்லேருந்து எடுத்தது என்னாவோ அத மட்டும் எழுதற வேலை. மொத நாளே மாத்தி எழுதிக் குடுத்துட்டு உள்ள போனா எப்பிடி?"

அவள் கைகள் இரண்டும் மேஜையின் விளிம்பை அழுத்திப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். அவளுக்கும் பயம்தான். பயந்துகொண்டே சொல்லியிருக்கிறாள். பயத்தை வைத்துக்கொண்டு இப்படியும் ஒன்று செய்யலாம் என்பது எனக்குப் புதுசாக இருந்தது.

அந்த அம்மா பத்து மணி தாண்டி வெளியே வந்தார். மகளிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, புதன்கிழமை மாலைக்குள் ஒரிஜினலை ஒப்படைக்கிறேன், தவறினால் நியமனம் ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அது வரை தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்களாம். பிறகு என் பக்கம் திரும்பி, டி.சி.யையும் ஒரு சிவப்புப் பேனாவையும் நீட்டினார்.

"நீங்கதான் இதச் செஞ்சதா?"

"ஆமாங்க."

"குறுக்க நகல்னு பெருசா எழுதி, கீழ உங்க பேரு எழுதி ஒப்பு போடுங்க, கையெழுத்து."

எழுதினேன். என் வாழ்க்கையில் செய்த சிறந்த வேலையின் மேல், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, சிவப்பு மையில். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் பழைய டிக்கை ரப்பரால் அழித்தார்.

மகள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். உள்ளே போவதற்கு முன் எங்களிடம் வந்தாள். "பன்னண்டு மணிக்கு வண்டி இருக்கு. அதுல கெளம்புங்க" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாளைக்கு ஒரிஜினல மாமாகிட்ட குடுத்து அனுப்பு. கடையத் தொறந்து அம்மா எடுக்கட்டும். நீ தொடாத" என்றாள்.

"சரி" என்றேன்.

"மாமா, பழத்த ஹாஸ்டல் வாட்ச்மேன்கிட்ட குடுத்துடு. செம வாசம்."

அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள். பன்னிரண்டு மணி வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் நான் தூங்கிவிட்டேன். மலை, குகை, பாலம் எதுவும் தெரியாது. மச்சான் எழுப்பிப் பார்த்தானாம், எழுந்திருக்கவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை காலை ஷட்டரை மட்டும் நான் தூக்கிவிட்டேன். மனைவி உள்ளே போய், மாதிரி ஃபைலிலிருந்து டி.சி.யை எடுத்து, மூலையை நகத்தால் சுரண்டி, நகத்தில் மஞ்சள் ஒட்டியதை என் முகத்துக்கு நேராகக் காட்டினாள். பிறகு முந்தானைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். என்னிடம் பேசவில்லை. கேள்விகளை எல்லாம் நள்ளிரவு தாண்டி நான் வீடு வந்ததுமே கேட்டு முடித்திருந்தாள்.

அன்று சாயங்காலம் விருத்தாசலம் பிளாட்பாரத்தில் மச்சானை வழியனுப்ப நின்றேன். மூன்றாவது நாளாக ரயிலில் தூங்கப்போகிறான். அலுத்துக்கொள்ளவில்லை. ஃபைல் அவன் சட்டைக்குள் இருந்தது. "பத்திரம்டா" என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்குப் போன் வந்தது. கடையில் இரண்டு மாணவர்கள் நின்றிருந்தார்கள். மெஷினை நிறுத்திவிட்டு எடுத்தேன்.

"வாங்கிக்கினாங்க மாமா. பேனாவாலயே டிக் போட்டாங்க. பாப்பாவுக்குக் கழுத்துல அட்டை மாட்டிட்டாங்க."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். அவனே பேசினான்.

"அந்த அம்மா ஒண்ணு கேட்டாங்க."

"என்னா?"

"அப்பா வரலியான்னு."

"நீ என்னா சொன்ன?"

"கடையில வேலையா இருக்காருன்னு சொன்னேன். அதுக்கு பாப்பா, இல்ல மேடம், அவரு வீட்டுல எங்கம்மா காவல்ல இருக்காருன்னு சொல்லிடுச்சி. ஆபீசே சிரிக்குது மாமா."

"பாப்பாவும் சிரிச்சாளா?"

"மொதல்ல சிரிச்சதே அதுதான்."

போனை வைத்துவிட்டு மெஷினை மறுபடி ஓட விட்டேன். மாணவர்களில் ஒருவன், "அண்ணா, பதினெட்டாவது பக்கம் ரெண்டு தடவ விழுந்திருக்கு" என்றான். விழட்டும், அதற்குக் காசு வேண்டாம் என்றேன்.